எடிசன் ஆய்வகம் எடிசன் ஊரில் இல்லை: வெஸ்ட் ஆரஞ்சு போகிறவர்களுக்கு

கேள்வி, மே 3

கோயம்புத்தூரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அப்பா லேத் பட்டறை வச்சிருந்தவர். வந்ததிலிருந்து "எடிசன் லேபைக் காட்டுடா"ன்னு ஒரே பேச்சு. நாங்க இருக்கிறதே நியூஜெர்சி எடிசன்லதான், மென்லோ பார்க் பக்கம். அந்த டவரைக் காட்டினா போதும்தானே? வெஸ்ட் ஆரஞ்சுல வேற ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க. அங்கே பழைய மெஷின் நாலு கிடக்கும், டைம் வேஸ்ட்னு நண்பர் சொல்றார். போனவங்க சொல்லுங்க.

மே 3, இரவு

போதாது. வெஸ்ட் ஆரஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுவும் லேத் ஓட்டின மனுஷரைக் கண்டிப்பா.

முதல்ல ஊர்க் குழப்பம். எடிசன் 1876லிருந்து சில வருஷம் வேலை பார்த்தது உங்க வீட்டுப் பக்கத்து மென்லோ பார்க்கில்தான். 1877 போனோகிராஃப் (ஒலியைப் பதிஞ்சு திரும்பக் கேட்க வைக்கிற கருவி), 1879 பல்பு ரெண்டும் அங்கே பிறந்தவை. ஆனா அவர் கிளம்பின பிறகு அந்தக் கட்டடங்களைக் கவனிக்க ஆளில்லை, சிதைஞ்சு போச்சு. மிஞ்சினதை ஹென்றி ஃபோர்டு தேடிப் பொறுக்கி, மிச்சிகன் டியர்பார்னில் தன்னோட திறந்தவெளி மியூசியமான கிரீன்ஃபீல்ட் வில்லேஜில் திரும்பக் கட்டினார். பல்புக்கு 50 வருஷம் ஆன 1929ல் அதைத் திறந்தார். மென்லோ பார்க் மண்ணைக்கூட அள்ளிட்டுப் போனார் மனுஷர். உங்க ஊரில் இப்போ இருக்கிறது 1938ல் கட்டின நினைவுக் கோபுரமும் பக்கத்தில் ஒரு சின்ன மியூசியமும்தான். ஊர்ப் பேரே 1954 வரைக்கும் ராரிட்டன் டவுன்ஷிப்.

வெஸ்ட் ஆரஞ்சு அப்படி இல்லை. 1887ல் அவரே கட்டினது. 1931ல் கண் மூடுற வரைக்கும், 44 வருஷம், அவரோட ஆய்வகம் அதுதான். கட்டடம் கட்டின இடத்திலேயே நிக்குது. கொஞ்ச தூரத்தில் வீடும் இருக்கு, கிளென்மாண்ட்னு பேர்.

மே 4, காலை

போற வழி கேட்டவங்களுக்கு. ஆய்வகம் மெயின் ஸ்ட்ரீட்டில், ரோட்டோரமாவே இருக்கு. தேசியப் பூங்காத் துறை நடத்துது. வீடு இருக்கிறது லெவெலின் பார்க் என்கிற தனியார் குடியிருப்புக்குள்ளே, கேட்டில் காவலர் உண்டு. நேரா அங்கே போய் நின்னா உள்ளே விட மாட்டாங்க. ஆய்வக வரவேற்பு மையத்தில் முதல்ல டிக்கெட்டும் பாஸும் வாங்கணும். வீட்டுக்குள்ளே வழிகாட்டியோடத்தான் போக முடியும். பராமரிப்பு வேலைக்காக வீட்டை மூடி வைக்கிறதும் உண்டு, கிளம்புற அன்னிக்குக் காலையில் பூங்கா இணையதளத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. பெரியவங்களுக்கு முட்டி வலி இருந்தா, ஆய்வகத்தில் மூணு மாடி இருக்குன்னு நினைவு வச்சுக்கோங்க.

மே 4, இரவு

"பழைய மெஷின் நாலு" என்கிற பேச்சுக்கு வர்றேன். இதைச் சும்மா விட எனக்கு மனசில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் அப்ரண்டிஸா இருந்தவன். சாஃப்ட்வேருக்கு வந்தது அதுக்கப்புறம். ஐந்தாம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கனரக மெஷின் ஷாப்புக்குள்ளே நுழைஞ்சதும் என் கண் போனது கூரைக்கு. நீளத்துக்கும் இரும்பு ஷாஃப்ட் ஓடுது. அதில் வரிசையா புல்லி. ஒவ்வொரு புல்லியிலிருந்தும் தட்டைத் தோல் பெல்ட் இறங்கி லேத்துக்கு ஒண்ணு, பிளேனருக்கு ஒண்ணு, டிரில்லிங் மெஷினுக்கு ஒண்ணு. எங்க ஊர் நெல் மில்லில் சின்ன வயசில் பார்த்த அதே ஏற்பாடு. கரண்டைக் காசாக்கின மனுஷரோட பட்டறையே முதல்ல நீராவி எஞ்சினில் ஓடினது, மின் மோட்டார் அப்புறம்தான் வந்தது.

மாடி ஏறினா நுண்கருவி மெஷின் ஷாப். கீழே டன் கணக்கில் வேலை, மேலே மயிரிழைக் கணக்கில் வேலை. சின்னச் சின்ன லேத், ஜன்னல் பக்கமா பெஞ்சுகள், நல்ல வெளிச்சம். வெர்னியர் (நுணுக்கமா அளக்கிற கருவி) பிடிச்ச கை உள்ளவங்க அந்த ஜன்னல் எதுக்குன்னு கேட்க மாட்டாங்க. அப்பாவை அங்கே அவசரப்படுத்தாதீங்க.

கீழே ஸ்டாக் ரூம் இருக்கு. நான் அதிக நேரம் நின்னது அங்கேதான். உலோகக் கம்பி, குழாய், தகடு எல்லாம் எந்தப் பட்டறையிலும் இருக்கும். இங்கே மிருகத் தோல், கொம்பு, எலும்பு, ஓடு, ரோமம்னு வச்சிருக்காங்க. எந்தச் சோதனைக்கு எது வேணும்னு முன்கூட்டித் தெரியாது, வேணும்னு தோணுற நிமிஷத்தில் கைக்கு எட்டணும். எங்க டூல் ரூமில் ஒரு பித்தளைத் தண்டு வேணும்னு சீட்டு எழுதிப் போட்டுட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கோம். அதனால எனக்கு அந்த அலமாரிகள் பட்ட மாதிரி வேற எதுவும் படலை. ஒருத்தருக்கு யோசனை வருது. வரைபட அறையில் வரையறாங்க, மூணாம் எண் கட்டடத்தில் வார்ப்புக்கு மர மாதிரி (பேட்டர்ன்) செய்யறாங்க, வார்ப்பு வருது, லேத்தில் கடையறாங்க, ரசாயனம் வேணும்னா பக்கத்துக் கட்டடம், அளக்கணும்னா ஒண்ணாம் எண் கட்டடம். எல்லாம் ஒரே வளாகத்துக்குள்ளே. எடிசன் பேரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமை இருக்கே, அந்த எண்ணிக்கைக்கு விளக்கம் அவரோட மூளையில் மட்டும் இல்லை, இந்த அடுக்குமுறையிலும் இருக்கு. நாலு மெஷின்னு சொன்னவர் எல்லாத்தையும் தனித்தனியா பார்த்திருக்கார்.

மே 5

நூலகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேன்னு கேட்டிருக்கீங்க. பிரமாதமான அறை. மரத்தில் அடுக்கடுக்கா மாடம், ஆயிரக்கணக்கில் புத்தகம், நடுவில் அவரோட மேஜை. அசந்தா படுக்க ஒரு சின்னக் கட்டில், அவர் மனைவி மினா போட்டு வச்சது. எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம் இதுதான்.

எனக்கு அந்த அறையில் நினைவுக்கு வர்றது ஜான் ஓட். எடிசன் யோசனைகளை மெஷினா செஞ்சு கொடுத்த கைத்திறன்காரர், மென்லோ பார்க்குக்கு முன்னே எடிசன் நியூவார்க்கில் இருந்த காலத்திலிருந்து கூட இருந்தவர். 1895ல் கீழே விழுந்ததில் சரியா நடக்க முடியாமப் போச்சு, அதுக்கப்புறம் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும். எடிசன் இறந்தது 1931 அக்டோபர் 18. ஓட் மறுநாளே போயிட்டார். எடிசன் உடலை மக்கள் பார்வைக்கு இந்த நூலகத்தில்தான் வச்சிருந்தாங்க. மினா கேட்டுக்கிட்டதால ஓட்டோட ஊன்றுகோலையும் நாற்காலியையும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வச்சாங்க. மேஜையைப் பார்க்கிறவங்க இதையும் தெரிஞ்சுக்கிட்டுப் பார்க்கணும்னு எனக்கு ஆசை.

மே 5, பிற்பகல்

எடிசன் பள்ளிக்கூடத்தைப் பத்தின அந்த வாட்ஸ்அப் கடிதக் கதையை இங்கேயும் ஒட்டிட்டாங்க. பையனுக்கு மூளை சரியில்லைன்னு பள்ளி கொடுத்தனுப்பின கடிதத்தை, "உங்க மகன் மேதை, அவனுக்குச் சொல்லித் தர எங்ககிட்ட ஆளில்லை"ன்னு அம்மா மாத்திப் படிச்சாங்களாம், அவங்க செத்த பிறகு பெட்டியில் அந்தக் கடிதம் மகனுக்குக் கிடைச்சுதாம். அப்படி ஒரு கடிதமே கிடையாது. ஆசிரியர் அவரை மூளை குழம்பினவன்னு சொன்னதும், அம்மா நான்சி கோபப்பட்டுப் பள்ளியை நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக் கொடுத்ததும் எடிசனே பின்னாளில் சொன்னவை. ஆசிரியர் சொன்னது அந்தப் பையன் காதிலேயே விழுந்தது, யாரும் மறைக்கலை. நான்சி முன்னே டீச்சரா இருந்தவங்க. ஒரு டீச்சர் தன் பிள்ளைக்காக இன்னொரு டீச்சர்கிட்ட சண்டைக்குப் போய், பிள்ளையைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சுப் பாடம் சொன்னாங்க. அழ வைக்கிற கட்டுக்கதை இதுக்கு மேலே எதுக்கு?

மே 6

"பல்பு எரிஞ்ச அறை எது?" அங்கே இல்லை, மேலே சொன்னேனே, 1879 மென்லோ பார்க். பல்பைத் தனி ஒருத்தர் கண்டுபிடிச்சார்னு சொல்றதும் சரியில்லை. இங்கிலாந்தில் ஸ்வான் உட்படப் பலர் அதுக்கு முன்னேயே முயன்றிருக்காங்க. எடிசன் ஆட்கள் செஞ்சது வேற கணக்கு. இழையோட மின்தடையைக் கூட்டினா கரண்ட் குறையும், கரண்ட் குறைஞ்சா மெல்லிசான செம்புக் கம்பி போதும், ஒரு தெருவுக்கே விளக்கு போடக் கட்டுப்படியாகும். பல்பைத் தனியா யோசிக்காம டைனமோ, கம்பி, மீட்டர், ஃபியூஸ்னு மொத்தமா யோசிச்சாங்க. 1882ல் நியூயார்க் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம் அதோட பலன்.

வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்தவைன்னா திருத்தின போனோகிராஃப், சினிமா கேமரா, நிக்கல்–இரும்பு பேட்டரி, எக்ஸ்ரே பார்க்கிற ஃப்ளோரோஸ்கோப். பள்ளிப் புத்தகம் பல்போட நிறுத்திடுது. அதனாலதான் நம்ம ஆட்களுக்கு வெஸ்ட் ஆரஞ்சுன்னா எதுவும் ஞாபகம் வர்றதில்லை.

மே 7

ஃப்ளோரோஸ்கோப்னு ஒரு வார்த்தையில் நேத்து கடந்துட்டேன். விட்டுடக் கூடாத விஷயம், விரிவா எழுதறேன்.

ரோண்ட்ஜென் எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895 கடைசியில். சில வாரத்தில் எடிசன் ஆய்வகமும் இறங்கிடுச்சு. எந்த உப்பு எக்ஸ்ரே பட்டு நல்லா ஒளிரும்னு ஆயிரக்கணக்கில் சோதிச்சு கால்சியம் டங்ஸ்டேட்டைப் பிடிச்சாங்க. அதைப் பூசின திரையில் கை எலும்பை உடனுக்குடன் பார்க்கலாம், போட்டோத் தகட்டைக் கழுவக் காத்திருக்க வேண்டாம். 1896 மே மாசம் நியூயார்க் மின்சாரக் கண்காட்சியில் ஜனங்க வரிசையில் நின்னு தங்கள் எலும்பைப் பார்த்தாங்க.

அந்தக் குழாய்களைக் கையாண்டது கிளாரன்ஸ் டாலி, கண்ணாடி ஊதுற தொழிலாளி. குழாய் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கத் தன் கையையே குறுக்கே வச்சு வச்சுப் பார்த்தார். அன்னிக்கு அதுதான் பழக்கம். தோல் வெந்தது, முடி கொட்டினது, ஆறாத புண் வந்தது. ஒரு கை புண்ணாகிட்டா இன்னொரு கையை வச்சுப் பார்த்தார். புண் புற்றாச்சு. கையை வெட்டினாங்க, பிறகு இன்னும் மேலே, பிறகு அடுத்த கை. 1904ல் இறந்தார். அமெரிக்காவில் கதிர்வீச்சு ஆராய்ச்சியில் போன முதல் உயிர்னு அவரைச் சொல்றாங்க. வேலை செய்ய முடியாமப் போன பிறகும் எடிசன் அவரைச் சம்பளத்தில் வச்சிருந்தார். எக்ஸ்ரே வேலையை மொத்தமா கைவிட்டார். எக்ஸ்ரேயை வச்சு ஒரு வகை விளக்கு செய்யற திட்டமும் அதோட நின்னது.

என் அக்கா மதுரையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். லீவுக்கு வந்தப்போ கூட்டிட்டுப் போனேன். டாலி கதையைச் சொன்னதும் அவ பேசவே இல்லை, ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணுதான் கேட்டா: "அந்தாளுக்கு பேட்ஜ் கூடக் கிடையாதாடா?" மாட்டுற ஈய ஏப்ரனும், சட்டையில் குத்தி, உடம்பில் பட்ட கதிர்வீச்சுக்குக் கணக்கு அனுப்புற டிஎல்டி பேட்ஜும் அவளுக்கு எரிச்சலான சடங்குகளா இருந்தவை. ஊருக்குப் போனதும் கூட வேலை பார்க்கிற பொண்ணுங்களுக்கு டாலியைப் பத்திச் சொன்னதா போனில் சொன்னா.

மே 7, இரவு

டெஸ்லா எந்த மேஜையில் உட்கார்ந்தார்னு கேட்டவருக்கு: எந்த மேஜையிலும் இல்லை. அவர் எடிசன் கம்பெனியில் இருந்தது 1884ல், நியூயார்க்கில், ஏறக்குறைய ஆறு மாசம். இந்தக் கட்டடம் எழும்பறதுக்கு முன்னேயே போயிட்டார்.

இந்தியத் தொடர்பு வேணும்னா ஒருத்தர் இருக்கார். ஆர்தர் கென்னலி. 1861ல் பம்பாய் கொலாபாவில் பிறந்தவர், 1887 கடைசியில் இங்கே சேர்ந்து மின் அளவீட்டுப் பிரிவைப் பார்த்துக்கிட்டார். பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியர். ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புற மேல் வளிமண்டல அடுக்குக்கு அவர் பேரும் ஹெவிசைட் பேரும் சேர்த்து வச்சிருக்காங்க. அவர் வேலை பார்த்த ஒண்ணாம் எண் கட்டடத்தை, மின்னோட்டத்தை அளக்கிற கால்வனோமீட்டர் முள்ளைக் காந்தம் இழுக்கக் கூடாதுன்னு இரும்பைத் தவிர்த்துக் கட்டினாங்க. அப்புறம் வாசலில் மெயின் ஸ்ட்ரீட்டிலேயே எலக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பிச்சது. அத்தனை கவனமும் வீணாச்சு.

மே 8

டெஸ்லா பேச்சு வந்ததும், ஏசி மின்சாரத்தைப் பழிக்க எடிசன் யானையைக் கொன்னார்னு கிளம்பிட்டீங்க. டாப்சி என்கிற யானையை மின்சாரம் வச்சுக் கொன்னது 1903, கோனி ஐலண்டில். ஏசி–டிசி சண்டை (எடிசன் விக்கிறது டிசி, போட்டிக்காரங்க விக்கிறது ஏசி) முடிஞ்சு பத்து வருஷம் ஆன பிறகு நடந்தது. எடிசன் அங்கே இல்லை, அவர் பேரிலுள்ள சினிமா கம்பெனி படம் பிடிச்சது. அதை அந்தச் சண்டையில் சேர்க்க முடியாது.

அதுக்காக அவரை நான் விடுவிக்கலை. நிஜமா நடந்தது 1888ல், இதே வெஸ்ட் ஆரஞ்சு வளாகத்தில். ஹரோல்ட் பிரவுன் என்கிறவர் ஏசி மின்சாரம் ஆளைக் கொல்லும்னு காட்ட இங்கே வந்து நாய்களைக் கொன்னார். அந்த வருஷக் கடைசியில் கன்னுக்குட்டிகளையும் ஒரு குதிரையையும். எடிசன் இடம் கொடுத்தார், கென்னலி கூட நின்னார். நேத்து கென்னலியைப் பெருமையா எழுதினேன். அந்தப் பெருமையும் உண்மை, இதுவும் உண்மை. 1890ல் நியூயார்க் மாநிலம் முதல் மின்சார நாற்காலித் தண்டனையை ஏசியில் நிறைவேத்தினது. வியாபாரப் போட்டிக்கு உயிர்களைச் சாட்சிக்கு இழுத்தது தப்பு. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க இதையும் வயசுக்குத் தக்க சொல்லணும். ஸ்டாக் ரூமைப் பார்த்து வியந்த அதே முற்றத்தில் நின்னு சொல்லலாம்.

மே 10

வீடு. இதுக்கு நேரம் எடுத்து எழுதணும்னு வச்சிருந்தேன்.

கிளென்மாண்ட் 29 அறை உள்ள வீடு, செங்கலும் மரமுமா, கூம்புக் கூரைகளோட. எல்லாரும் "எடிசன் கட்டின மாளிகை"ன்னு சொல்றாங்க, அவர் கட்டலை. ஹென்றி பெடர் என்கிறவர் 1880 வாக்கில் கட்டினது. நியூயார்க் ஜவுளிக் கம்பெனி ஒண்ணில் வேலை பார்த்து, முதலாளி பணத்தைச் சுருட்டி இதைக் கட்டினார். மாட்டிக்கிட்டதும் வீடு கம்பெனி கைக்குப் போச்சு. 1886ல் மினாவைக் கல்யாணம் பண்ணப் போற எடிசன் 1,25,000 டாலருக்கு வாங்கினார், உள்ளே இருந்த சாமான்களோட. ஆக கீழ்த்தள வரவேற்பறையில் நாம வாய் பிளந்து பார்க்கிற பகட்டில் நிறைய அந்தப் பணம் சுருட்டின மனுஷரோட ரசனை. எடிசன் குடும்பத்தைப் பார்க்கணும்னா மாடிக்குப் போகணும். அங்கே உள்ள குடும்ப அறையில் எடிசனுக்கு ஒரு மேஜை, மினாவுக்கு ஒரு மேஜை. அதான் வீட்டோட மையம்.

மினாவுக்கு அப்போ 20 வயசு, எடிசனுக்கு 39. முதல் மனைவி மேரி 1884ல் இறந்துட்டாங்க, மூணு பிள்ளைகள். மூத்தவ மரியனுக்கு 13. சித்தியா வந்த மினா அவளைவிட ஏழு வயசுதான் பெரியவ. எடிசன் மினாவுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு கத்துக் கொடுத்து, உள்ளங்கையில் தட்டித்தான் சம்மதம் கேட்டார்னு அவர் குறிப்பிலேயே இருக்கு. எல்லாரும் இந்தக் காதல் கதையைச் சொல்றாங்க. எனக்கு மினா அதுக்கப்புறம் செஞ்சதுதான் பெரிசா தெரியுது. வேலையாட்கள், கணக்கு, விருந்தாளிகள், மூத்தாள் பிள்ளைகள் மூணு, தன் பிள்ளைகள் மூணு. தன்னை இல்லத்தரசின்னு சொல்லிக்காம வீட்டின் நிர்வாகின்னு சொல்லிக்கிட்டாங்க. வீடும் அவங்க பேரில்தான் இருந்தது.

எங்க அம்மா அந்த வீட்டுக்குள்ளே வழிகாட்டியிடம் கேட்கச் சொன்ன கேள்வி: "இத்தனை அறையையும் யார் பெருக்கினா?" சிரிச்சுட்டு நான் கேட்டேன். அந்தப் பதில்தான் அன்னிக்கு எங்களுக்குக் கிடைச்சதிலேயே நல்ல விளக்கம். சமையல்காரர், பணிப்பெண்கள், தோட்டக்காரர், டிரைவர்னு ஒரு சின்னத் தொழிற்சாலை மாதிரி ஆட்களைப் பத்தி வழிகாட்டி சொல்லிக்கிட்டே வந்தார். அம்மா ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினாங்க.

இன்னிக்கு நாம அந்த வீட்டுக்குள்ளே போக முடியறதுக்கும் மினாதான் காரணம். நினைவிடமா காப்பாத்தணும்னு எடிசன் கம்பெனிக்கு மாத்திக் கொடுத்துட்டு 1947ல் இறந்தாங்க. 1955ல் வீடும் 1956ல் ஆய்வகமும் தேசிய நினைவிடங்கள் ஆச்சு. தம்பதி ரெண்டு பேரையும் முதல்ல வேற கல்லறைத் தோட்டத்தில் புதைச்சிருந்தாங்க, 1963ல் வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுவந்தாங்க. சாதாரணக் கல் பலகைகள். பக்கத்திலேயே கான்கிரீட்டில் வார்த்த கார் ஷெட்டும் இருக்கு, உள்ளே எலக்ட்ரிக் காரோட. அப்பாக்கள் அங்கேதான் நிப்பாங்க.

ஆய்வகத்தை முதல்ல பார்த்துட்டு வீட்டுக்குப் போங்கன்னு பலர் சொல்றாங்க. யோசிச்சுப் பார்த்தா குழந்தைகளோட போறவங்க வீட்டை முதல்ல முடிக்கறது நல்லது. வழிகாட்டியோட போகிற இடத்தில் பொறுமை வேணும், மெஷின் ஷாப்பில் வேண்டாம்.

மே 11

பேட்டரிக் கட்டடம் எங்கேன்னு ஒருத்தர். ரோட்டுக்கு எதிர்ப்புறம் உள்ள அந்தப் பெரிய கான்கிரீட் கட்டடம்தான். இப்போ அபார்ட்மென்ட்.

மே 12

மூணாவது மாடி இசை அறையைக் கடைசியில் ஓடிப் பார்க்காதீங்க. காது சரியாக் கேட்காதவர் அங்கே உட்கார்ந்து எந்தப் பாட்டை ரெக்கார்டா விக்கலாம்னு முடிவு பண்ணினார். போனோகிராஃப் மரப்பெட்டியைப் பல்லால கடிச்சு எலும்பு வழியா கேட்டார். கருவியோட ஒலித்தரம் பிரமாதமா இருந்தது, பாட்டுத் தேர்வு ஜனங்க ரசனையோட ஒட்டலை. 1929ல் கம்பெனி ரெக்கார்டு வியாபாரத்தை விட்டது. ஜாஸ் பிடிக்காத ஒருத்தர் அந்தக் காலத்தில் ரெக்கார்டு விக்கிறது கஷ்டம்தான்.

கீழே முற்றத்தில் கறுப்பா ஒரு கொட்டகை தெரியும், பிளாக் மரியா. 1893ல் கட்டின சினிமா ஸ்டுடியோவோட மறுவடிவம், 1954ல் செஞ்சது. கூரை திறக்கும், மொத்தக் கொட்டகையும் வெயிலைத் தொடர்ந்து சுழலும். இங்கே கேமரா வேலை முக்காலும் எடிசனோட உதவியாளர் டிக்சனோடது. தும்முறவர் படம் ஒண்ணு பார்த்திருப்பீங்களே, 1894, அந்த ஃப்ரெட் ஓட் மேலே சொன்ன ஜான் ஓட்டோட தம்பி.

மே 14

"தோல்வியிலிருந்து எழுந்தவர்னு சொல்றாங்களே, அதுக்கு அங்கே என்ன சாட்சி?" நாலாம் எண் கட்டடம். உலோகவியல். 1890களில் எடிசன் நியூஜெர்சி ஆக்டென்ஸ்பர்க் மலையைப் பொடிச்சு, காந்தம் வச்சு இரும்புத் தாதுவைப் பிரிக்கப் போனார். ராட்சத உருளைகள் செஞ்சார், தன்னோட ஜெனரல் எலக்ட்ரிக் பங்குகளை வித்து அந்தப் பணத்தை இதில் போட்டார். மினசோட்டாவில் மெசாபி தாது மலிவா வெட்டி எடுக்க வந்ததும் எல்லாம் போச்சு. பாறை பொடிக்கிற அந்தப் படிப்பை எடுத்துக்கிட்டு சிமென்ட்டுக்குப் போனார். 1923ல் திறந்த பழைய யாங்கி ஸ்டேடியம் எடிசன் சிமென்ட்டில் எழுந்தது. அச்சில் ஊத்தி வார்த்த கான்கிரீட் வீடுகள் நியூஜெர்சி யூனியனில் இன்னும் நிக்குது, ஆட்கள் குடியிருக்காங்க. வாசலில் நின்னு போட்டோ எடுத்துத் தொந்தரவு பண்ணாதீங்க, காரிலேயே மெதுவா போய்ப் பாருங்க.

இதை விட்டுட்டு, 1914 டிசம்பர் தீ விபத்தைத்தான் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எடுத்துக்கிறாங்க. தீயில் போனது தொழிற்சாலைக் கட்டடங்கள், ஆய்வகம் தப்பிச்சது. தப்பிச்சதாலதான் இன்னிக்கு நாம போறோம்.

மே 17

"பார்த்தாச்சு, வேற என்ன?"ன்னு கேட்டவருக்கு.

1957ல் அந்த நூலகத்தில், கட்டிலுக்குப் பின்னே ஒரு மரப்பெட்டி கிடைச்சது. உள்ளே மெழுகு சிலிண்டர்கள். என்ன, யாருதுன்னு பல வருஷம் யாருக்கும் தெரியாது. ஒலியை எடுத்து ஆராய்ஞ்சு 2012ல் அறிவிச்சாங்க: எடிசனோட ஆள் தியோ வாங்கெமான் 1889ல் ஐரோப்பாவில் பதிவு பண்ணினவை. ஒண்ணில் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க். அவர் குரல் உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது. இன்னொண்ணில் 1800ல் பிறந்த ஜெர்மன் தளபதி மோல்ட்கே. பூங்கா இணையதளத்திலேயே இலவசமா கேட்கலாம், கரகரப்பு அதிகம், ஹெட்போன் போட்டுக்கோங்க. பெயர் தெரியாத பெட்டியைக் குப்பையில் போடாம வச்சிருந்த அந்தப் பணியாளர்களுக்கு நான் ரொம்பக் கடன்பட்டவன்.

அங்கே உள்ள காகிதங்களே சுமார் 50 லட்சம் பக்கம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எடிசன் ஆவணத் திட்டம்னு 1978லிருந்து ஒரு குழு அவற்றைத் தொகுத்து வெளியிடுது. ஆய்வக நோட்டுப் புத்தகங்களோட பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம், பேர் போட்டுத் தேடலாம். எடிசன்னு போட்டா வெள்ளமா கொட்டும். ஓட், கென்னலி, டிக்சன், டாலின்னு ஒவ்வொருத்தரா போட்டுப் பாருங்க.